நல்ல கொள்ளி

டப்பாவை மூடியாயிற்று. இனி ஒரு மணி நேரத்துக்கு டாக்டர் இலஞ்சியத்துக்கு இந்த உலகத்தில் ஒரு வேலையும் கிடையாது, காத்திருப்பதைத் தவிர. அவளுக்கு வராத வேலை அது ஒன்றுதான். பஸ்ஸுக்கு நிற்கச் சொன்னால் பஸ் வருகிற திசையிலேயே நடந்து போய் அடுத்த நிறுத்தத்தில் ஏறுகிற ரகம் அவள். இந்த டப்பாவை நோக்கி எங்கே நடப்பது. சாதாரண பிளாஸ்டிக் டப்பா, யார் வீட்டிலோ முறுக்கு போட்டு வைத்திருந்தது, பாளையங்கோட்டையில் இந்தத் தனியார் ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்து லேபுக்கு எப்போது வந்தது என்று யாருக்கும் தெரியாது. உள்ளே ஈரத்துணி, அதன் மேல் இரண்டு குச்சி, குச்சிகளின் மேல் ஒரே ஒரு கண்ணாடி ஸ்லைடு, ஸ்லைடின் மேல் இசக்கிராஜ் என்கிற முப்பத்து நாலு வயது தண்ணீர் லாரி டிரைவரின் மூளையிலிருந்து சர்ஜன் எடுத்துக் கொடுத்த துணுக்கு, ஊதினால் பறக்கிற சீவலாக. சீவலின் மேல் ஒரு சொட்டு மருந்து. அந்த மருந்து தேடுகிற ஒன்று அந்தச் சீவலில் இருந்தால் போய் ஒட்டிக்கொள்ளும், இல்லாவிட்டால் கழுவும்போது தண்ணீரோடு போய்விடும். ஒட்டினால் கடைசியில் பழுப்பு நிறம் தெரியும். பழுப்பு தெரிந்தால் இசக்கிராஜுக்கு வருஷக் கணக்கில் ஆயுசு, தெரியாவிட்டால் மாதக் கணக்கில். இதில் சங்கடம் என்னவென்றால் காலையில் இவளே போனில் பழுப்பு இல்லை என்று சொல்லிவிட்டாள். சொன்னது மூளைக்கட்டி டாக்டர் முபாரக்கிடம். முபாரக் அதை நம்பி இசக்கிராஜின் மனைவியிடம் பாதி சொல்லிவிட்டான். மீதியைச் சாயங்காலம் சொல்கிறேன் என்றிருக்கிறான். அந்தப் பெண், கோமதி என்று பெயராம், மேலே வராந்தாவில் மீதிக்காக உட்கார்ந்திருக்கிறாள்.

பாதி சொல்வது என்றால் எந்தப் பாதி என்று இலஞ்சியத்துக்குக் கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை, கேட்டால் முபாரக் சொல்லியும் விடுவான். சந்தன வாசனை மூக்கில் ஏறியது. எல்லாம் இந்தச் சந்தனத்தால் வந்த வினை, ஆனாலும் வாசனை நன்றாகத்தான் இருக்கிறது, எப்போதும் மண்ணெண்ணெய் வாடை அடிக்கிற லேப் நேற்றிலிருந்து கல்யாண வீடு மாதிரி மணக்கிறது. நேற்று முன்தினம் ஆயுத பூஜை. லேபில் உதவிக்கு இருக்கிற ஆவுடையம்மாளுக்குப் பூஜை என்றால் கையும் ஓடாது, காலும் ஓடாது, பிறகு இரண்டும் சேர்ந்து ஓடும். மைக்ராஸ்கோப்புக்குப் பொட்டு, மெழுகு உருக்குகிற பெட்டிக்குப் பொட்டு, ஸ்லைடுகளை வேகவைக்கிற பிரஷர் குக்கருக்குப் பொட்டு, காபி பிளாஸ்க் பாவம் என்ன செய்தது, அதற்கும் ஒரு பொட்டு. போதாக்குறைக்கு ஃப்ரிட்ஜை ஒழித்துத் துடைத்து, மருந்துக் குப்பிகளை எல்லாம் வெளியே எடுத்து, சுண்டுவிரல் நுனியளவு இருக்கிற ஒவ்வொரு மூடியிலும் சந்தனமும் குங்குமமும் வைத்து, திரும்ப அடுக்கியிருக்கிறாள். மூடியில்தான் பேனாவால் பெயர் எழுதியிருக்கும். பொட்டு பெயரை மூடிக்கொண்டது. மறுநாளே பூஜைப் பொட்டை அழிக்க மனசு வருமா, யாருக்கும் வராது, இலஞ்சியத்துக்கே வந்திருக்காது. இரண்டாவது வரிசையில் இடமிருந்து மூன்றாவது, எப்போதும் இருக்கிற இடம்தானே என்று கைப்பழக்கத்தில் எடுத்துச் சொட்டு விட்டுவிட்டாள் ஆவுடையம்மாள். திரும்ப அடுக்கியதில் அந்த இடத்துக்கு வந்து உட்கார்ந்திருந்தது மார்புக்கட்டிக்கு வைக்கிற குப்பி. மூளையில் அதற்கு என்ன வேலை? நீலம் நீலமாக, பழுப்பு ஒரு பொட்டு இல்லாமல் சுத்தமாக வந்தது ஸ்லைடு. அதைப் பார்த்துவிட்டு இலஞ்சியம் போனை எடுத்தாள். அவள் செய்த தப்பு அது. ஒவ்வொரு ஸ்லைடின் ஓரத்திலும் ஒரு சாட்சித் துண்டு ஒட்டியிருப்பார்கள், கட்டாயம் பழுப்பாக வரும் என்று ஏற்கெனவே தெரிந்த பழைய நோயாளி ஒருவருடைய துண்டு. அது பழுப்பாகி, இது ஆகாமல் இருந்தால்தான் இல்லை என்பதற்கு அர்த்தம். லீவு முடிந்து குவிந்த வேலையில் ஓரத்தைப் பார்க்கவில்லை. மத்தியானம் சாப்பாட்டுக்கு எழுந்தவள், தயிர்சாதத்தைத் திறந்து வைத்துவிட்டு, முப்பத்து நாலு வயசுக்கு இது இப்படி வரலாமா என்று ஒரு சின்ன முள் உறுத்த, திரும்பப் போய்க் கண்ணை வைத்தாள். சாட்சியும் நீலமாக இருந்தது. சாட்சியே வாய் திறக்காத வழக்கில் இவள் தீர்ப்புச் சொல்லியிருக்கிறாள். அதைக் கண்ட கணத்தில் அவளுக்கு வெட்கம்தான் முதலில் வந்திருக்க வேண்டும். வரவில்லை. வந்தது சந்தோஷம், அசிங்கமான அளவுக்குச் சந்தோஷம், நாற்காலியில் இருந்து துள்ளி எழுந்து, "ஏட்டி ஆவுடை, குக்கரை வைய்யி!" என்று கத்தினாள்.

ஆவுடையம்மாள் அழுதுகொண்டே குக்கர் வைத்தாள், அழுதுகொண்டே விசில் எண்ணினாள். இப்போது கண்ணைத் துடைத்துவிட்டு டப்பாவுக்கு எதிரில் ஸ்டூல் போட்டு, பால் பொங்குவதைப் பார்க்கிறவள் மாதிரி அதையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். "டாக்டரம்மா, நாம்ப செஞ்ச காரியத்துக்கு ஒரு உசுரு" என்று ஆரம்பித்தவளை, "உசுருக்கு ஒண்ணும் ஆவல, நீ சுண்டல் மிச்சம் இருந்தா கொண்டா" என்று அடக்கினாள் இலஞ்சியம். சுண்டல் ஊசிப் போயிருக்கும், பொரிதான் வந்தது. பொரி நமுத்திருந்தது. நமுத்த பொரியில் ஒரு ருசி உண்டு, பல்லுக்கு வேலை கொடுக்காமல் நாக்கில் கரைகிற சோம்பேறி ருசி. உப்பு கரைகிற மாதிரி. உப்பு என்று நினைத்ததும் புரொபசர் ராஜமன்னார் வந்துவிட்டார், மதுரையில் படித்த காலத்து வாத்தியார், மேஜையைத் தட்டித் தட்டிச் சொல்வார்: மற்றக் கட்டி எல்லாம் அரிசியில் கல், பொறுக்கிப் போடலாம்; இந்த மூளைக்கட்டி குழம்பில் உப்பு, பொறுக்கிப் பாருங்கள் பார்ப்போம். மூளையில் மூன்று பகுதிக்குக் குறையாமல் பரவியிருந்தால் அதற்கு ஒரு பெயர், வாயில் நுழையாத நீளமான பெயர், கிளையோமட்டோசிஸ் என்று ஆரம்பிக்கும். அபூர்வம், எங்கேயோ ஒன்று. அதில் இரண்டு வகை எழுதினால் முழு மார்க்: கட்டி என்று எங்கேயும் திரளாமல் வெறுமே பரவியது முதல் வகை, பரவியதோடு ஓரிடத்தில் திரண்டும் நின்றது இரண்டாம் வகை. இலஞ்சியம் முழு மார்க் வாங்கினாள். நோயாளிக்கு அதனால் ஒரு காசுக்குப் பிரயோஜனம் கிடையாது, ஒருத்தர் சீக்கிரம் போவார், ஒருத்தர் பத்து வருஷம் லாரி ஓட்டுவார், ஏன் என்று கேட்டால் ராஜமன்னார் மேஜையைத் தட்டுவார். வந்த கொஞ்சப் பேருக்கும் அந்த ஒரே பெயரைத்தான் எழுதிக் கொடுத்திருப்பாள். ஊர்க்காரர்களை எல்லாம் சட்டை நிறத்தை வைத்துச் சொந்தக்காரர்களாக்கிய மாதிரி. பிறகு ஒரு நாள் உலகத்து நோயியல் டாக்டர்கள் கூடிப் பேசி அந்தப் பெயரையே அடித்துவிட்டார்கள். பரவியிருக்கிறது என்பது நடை, அது ஆளே இல்லை, ஆள் யார் என்று செல்லுக்குள்ளே போய் மரபணுவைக் கேளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள்.

அன்றைக்கு அவளுக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. முழு மார்க் வாங்கிய பாடத்தை அடித்தால் யாருக்குத்தான் எரியாது. கேட்க ஆரம்பித்த பிறகு எரிச்சல் போய்விட்டது. அப்படிப் பரவுகிற கட்டிக்கெல்லாம் மொத்தம் மூன்று வீடுதான். ஐ.டி.எச். என்று ஒரு மரபணு, அதில் ஒரு சின்னக் கோளாறு இருந்தால் கட்டி மெதுவாக நடக்கும், கரண்டு, அதாவது கதிர்வீச்சு, வைத்தால் கேட்கும், மருந்துக்கு அடங்கும், வருஷங்கள் கிடைக்கும்; டப்பாவுக்குள் சொட்டு தேடிக்கொண்டிருப்பது அந்தக் கோளாறைத்தான். அந்தக் கோளாறோடு குரோமோசோமில் இரண்டு கை உடைந்து போயிருந்தால் இன்னும் விசேஷம், இருக்கிற மூன்றில் மருந்துக்கு ரொம்பப் பணிகிற பிள்ளை அதுதான். ஐ.டி.எச். கோளாறே இல்லாமல், பத்தரைமாற்றுத் தங்கமாக இருந்துவிட்டால் போச்சு, பார்க்க எவ்வளவு சாதுவாக இருந்தாலும் அது ஓட்டமாக ஓடும். கெட்டிருந்தால் நல்லது, நன்றாக இருந்தால் கெட்டது. இந்தத் தலைகீழ்ப் பாடத்தை முபாரக் நோயாளிகளின் வீட்டாருக்கு விளக்குவதற்குள் நாக்குத் தள்ளிப் போகும். எரிகிற கொள்ளியில் எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி என்பார்கள், பதில் இல்லை என்கிற தெம்பில் கேட்கிற கேள்வி அது. இலஞ்சியத்துக்கு அந்தப் பழமொழியின் மேல் தனிப்பட்ட கோபமே உண்டு. இருக்கிறது ஐயா, நல்ல கொள்ளி இருக்கிறது, நான் அதைக் கண்டுபிடித்துச் சொல்லித்தான் சம்பளம் வாங்குகிறேன், ஒரு கொள்ளி ராத்திரியோடு வீட்டை எரித்துவிடும், ஒரு கொள்ளி பிள்ளைகள் வளர்ந்து படித்து வேலைக்குப் போகிறவரை புகைந்துகொண்டே கிடக்கும், ரெண்டும் ஒன்று என்று சொல்கிறவன் கொள்ளியைக் கையில் பிடித்ததே இல்லை. யாரிடமோ சண்டை போடுகிற வேகத்தில் பொரிப் பொட்டலம் காலியாகிவிட்டது.

சரி, இத்தனை சந்தோஷம் எதற்கு. பழுப்பு வரும் என்று யார் சொன்னது. குப்பி மாறியது நிஜம், அதனால் பதில் மாறும் என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது? சாட்சி பழுப்பாகி இசக்கிராஜ் நீலமாகவே நின்றால்? அப்போது காலையில் சொன்னதுதான் சரி, நடுவில் அந்தக் குடும்பத்துக்கு ஒரு மத்தியானம் நம்பிக்கை கொடுத்துப் பிடுங்கிய பாவம் மட்டும் மிச்சம். நல்லவேளை, கோமதியிடம் ஒன்றும் சொல்லாதே என்று முபாரக்கிடம் சொல்லியிருக்கிறாள். சொல்லியிருப்பானா? அவன் முகம் கண்ணாடி, மனசில் இருப்பதைச் சுவரொட்டி மாதிரி ஒட்டிக்கொண்டு திரிவான். வயிறு இரைந்தது. தயிர்சாதம் திறந்தபடியே கிடந்து காய்ந்து போயிருக்கும், போய் மூடலாம், எழுந்தால் ஏதோ குலைந்துவிடும் போல இருந்தது. ஸ்லைடு ஊறும்போது என்ன நிறம் வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்லக் கூடாது, இந்த லேபில் அது ஒரு கட்டுப்பாடு, யார் வைத்தது என்று தெரியாது, இலஞ்சியம் கடவுளையே அரைமனசாகத்தான் நம்புவாள், இதை முழுமனசாக நம்பினாள். சொல்லாமல் அடக்க அடக்க மனசு முழுக்கப் பழுப்பாக ஆனது. கருப்பட்டி, புளியங்கொட்டை, டிகிரி காபி. நிறத்திலேயே ஏழை நிறம் என்று யாரும் சீந்தாத நிறம், புடவைக் கடையில் பழுப்பை எடுத்துப் போட்டால் பெண்கள் அடுத்த கட்டுக்குப் போய்விடுவார்கள். சாட்சித் துண்டுக்காரரைப் பற்றி நினைத்துக்கொண்டாள், அவரை நினைத்தால் தெம்பாக இருக்கும். அம்பாசமுத்திரத்துக்காரர், பெயர் கிடையாது, இவளுக்கு அவர் ஒரு நம்பர்தான். மண்டைக்குள் இதே கட்டியோடு வருஷா வருஷம் ஸ்கேனுக்கு வந்து, வண்டி நிறுத்த இடமில்லை என்று வாசல் காவலாளியோடு சண்டை போட்டுவிட்டுப் போவாராம், முபாரக் சொல்லியிருக்கிறான். அவருடைய துண்டு பழுப்பாவதை வைத்துத்தான் வருகிறவர்களுக்கு எல்லாம் பதில். தன் மண்டையிலிருந்து எடுத்த ஒன்று இத்தனை பேருக்கு ஜாமீன் நிற்கிறது என்று அந்த மனுஷனுக்குத் தெரியவே தெரியாது. போன் துடித்தது. முபாரக். "அக்கா, வந்துருச்சா?" "கல்யாணப் பந்தியா இது, வந்துருச்சான்னு கேக்க? ஊறிட்டு இருக்கு." "அந்தப் பொண்ணு என் ரூமுக்குள்ள வந்து உக்காந்துட்டுக்கா. ஒண்ணும் கேக்க மாட்டேங்கு. என்னையே பாக்கு." "நீ பேப்பரப் பாரு" என்று வைத்துவிட்டாள்.

டப்பாவைத் திறந்தார்கள். இலஞ்சியம் தானே கழுவினாள், ஆவுடையம்மாளிடம் கொடுக்கவில்லை. அடுத்த மருந்து, திரும்ப ஒரு சின்னக் காத்திருப்பு, திரும்பக் கழுவல். கடைசியாக நிறம் கொடுக்கிற சொட்டு. ஈரத்தோடு ஸ்லைடை மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்து, லென்சுக்குப் பக்கத்தில் இருந்த சந்தனப் பொட்டு மூக்கில் ஒட்ட, கண்ணைக் கொடுத்தாள். முதலில் ஓரம். இந்தத் தடவை முதலில் ஓரம். சாட்சித் துண்டில் ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை. பிறகு தண்ணீரில் டிகாஷன் விட்ட மாதிரி ஒரு கலங்கல், கலங்கல் கெட்டியாகி, ஒரு செல், அதன் பக்கத்தில் ஒன்று, அம்பாசமுத்திரத்துக்காரர் வாய் திறந்துவிட்டார், கூட்டமாக, சத்தமாக, பழுப்பு பழுப்பு என்று. இனி நடுவுக்கு வரவேண்டும். ஸ்லைடை நகர்த்துகிற திருகில் விரல் இருக்கிறது, விரல் நகரவில்லை. இவ்வளவு நாள் ஆயிரம் தடவை நகர்த்திய திருகு. இன்னும் கொஞ்ச நேரம் தெரியாமலே இருக்கலாமே என்று ஒரு ஆசை, தெரியாதவரைக்கும் இசக்கிராஜுக்கு இரண்டு ஆயுசும் இருக்கிறது, அதற்குள் முதுகுப் பக்கம் ஆவுடையம்மாளின் மூச்சு கழுத்தில் பட்டது, "டாக்டரம்மா, முருகா, டாக்டரம்மா." நகர்த்தினாள். இசக்கிராஜின் மூளை வந்தது. நல்ல செல்களுக்கு நடுவில் ஒன்று இங்கே, ஒன்று அங்கே, சொல்லிக்கொள்ளாமல் கல்யாணத்துக்குள் நுழைந்து சாப்பிடுகிற ஆட்கள் மாதிரி சிதறி உட்கார்ந்திருந்தன அந்தக் கெட்ட செல்கள், இத்தனை நேரம் எது அவன், எது இது என்று பிரித்துச் சொல்ல முடியாமல் இருந்தவை. அதில் ஒன்று பழுப்பாகி இருந்தது. தூசியா? தூசி இல்லை. இன்னொன்று. கண் கலங்கியதா, லென்ஸ் கலங்கியதா, துடைத்துவிட்டுத் திரும்பப் பார்த்தாள், மூன்று, ஏழு, எண்ண வேண்டாம், கண் போகிற இடமெல்லாம் பழுப்பு. கோளாறு இருக்கிறது. அருமையான கோளாறு, தங்கமான கோளாறு. "இருக்குட்டி!" என்று கத்தினாள் இலஞ்சியம். ஆவுடையம்மாள் அவளைக் கட்டிக்கொண்டாள், கையுறை ஈரம் முதுகெல்லாம் பட்டது. ஒரு மனுஷன் மண்டைக்குள் கட்டி இருப்பதைப் பார்த்துவிட்டு இரண்டு பொம்பளைகள் இப்படிக் குதிக்கிறார்களே என்று யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று ஒரு எண்ணம் வந்து, நின்று, போய்விட்டது. குதித்தாள். மூக்கில் சந்தனத்தோடு குதித்தாள்.

முபாரக்குக்குப் போன் செய்தாள். "பழுப்பு, தம்பி" என்றாள். அந்தப் பக்கம் மெதுவாக ஒரு "அல்ஹம்துலில்லாஹ்", பிறகு மூக்கை உறிஞ்சுகிற சத்தம். "ரெண்டு நல்ல வீட்டுல எந்த வீடுங்கறதுக்கு இன்னொரு சோதனை இருக்கு, அது வரட்டும், ஆனா மூணாவது வீடு இல்ல" என்றாள். "அக்கா, அந்தப் பொண்ணு எதிர்லதான் இருக்கு. நீங்களே சொல்லுங்க. காலைல நான் சொன்னத வச்சிட்டு, இனி நான் நல்லது சொன்னா நம்பாது." வேண்டாம் என்று சொல்வதற்குள் போன் கை மாறிவிட்டது. இருபத்தைந்து வருஷத்தில் இலஞ்சியம் ஒரு நோயாளியின் வீட்டாரிடம் பேசியது கிடையாது. ராஜமன்னார் அதற்குப் பாடம் எடுக்கவில்லை. "கோமதி, நான் கீழ லேப் டாக்டர் பேசுதேன். காலைல சொன்னது தப்பும்மா. எங்க தப்பு. திரும்பச் செஞ்சு பாத்துட்டேன். உங்க வீட்டுக்காரருக்கு இருக்கது மெதுவாப் போற வகை. கரண்டு வைக்கணும், மாத்திர சாப்பிடணும், முழுசாப் போயிரும்னு நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனா மாசக் கணக்கு இல்ல. வருஷக் கணக்கு." நாற்காலி நகர்கிற சத்தம், கதவு சாத்துகிற சத்தம். வராந்தாவின் இரைச்சல். அதற்கு நடுவில் குரலை ரொம்பத் தாழ்த்திக் கோமதி, "டாக்டரம்மா, நீங்க பொம்பளங்கதால கேக்கேன். அந்த சார்ட்ட கேக்கக் கூச்சமா இருக்கு. எங்களுக்கு ஒரு பொட்டப்பிள்ளதான். இன்னொண்ணு பெத்துக்கிடுவோம்னு அவுக ரொம்ப நாளாச் சொல்லிட்டிருந்தாக, நாந்தான் பொறவு பாப்பம், பொறவு பாப்பம்னு தள்ளிட்டேன். இனிமே..." நின்றுவிட்டது. காலையிலிருந்து அந்த வராந்தாவில் இந்தக் கேள்வியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறாள், இனி கேட்கவே வேண்டியதில்லை என்று நினைத்துக்கொண்டு. "மருந்து உடம்புல இருக்கும்போது கூடாதும்மா. ஆனா மருந்து ஆரம்பிக்கதுக்கு முன்னாலயே அதுக்கு வழி இருக்கு, அவர்ட்டருந்து விந்து எடுத்துக் குளிர்ல பத்திரமா வைப்பாங்க. நானே முபாரக்ட்ட சொல்லுதேன், நீ கூச்சப்பட வேண்டாம்." "அப்பம் பெத்துக்கிடலாமா?" "பெத்துக்கிடலாம்." சொல்லிவிட்டாள். தன் துறை இல்லை, தன் அதிகாரம் இல்லை, சொல்லிவிட்டாள். அந்தப் பக்கம் செருப்புச் சத்தம். சடசடவென்று செருப்பு ஓடுகிற சத்தம், முபாரக்கின் போனைக் கையில் பிடித்துக்கொண்டே கோமதி ஓடிக்கொண்டிருந்தாள், எங்கேயோ தூரத்தில் "ஏம்மா, போனு, என் போனு" என்று முபாரக் கத்துவது கேட்டது, படிக்கட்டு, மூச்சு இரைப்பு, வார்டுக் கதவு. இலஞ்சியம் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். தூக்கம் கலைந்த ஒரு ஆண் குரல், கரகரப்பான, கொஞ்சம் எரிச்சல் பட்ட குரல் கேட்டது: "ஏட்டி, என்னத்துக்கு இப்படி ஓடியார?"